மாட்டை விற்க வேண்டாம், ட்ரம்மைத் தேயுங்கள்

வடசென்னையில் கொடுங்கையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நோட்டுத் தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் மூன்று கறவை மாடுகள், ஒரு கன்று. வீட்டை ஒட்டியே கொட்டகை. இருபத்தைந்து வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார்கள், குடும்பம் ஓடுவதே அதில்தான். மழை விட்ட கொஞ்ச நாளில் ஏழு வயது மகனுக்குக் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினான். அடுத்த பத்து நாளில் ஒரு மாட்டுக்கு உடம்பெல்லாம் கொட்டைப்பாக்கு அளவில் கட்டிகள். மாமியார் ‘அம்மா வந்திருக்கா’ என்று கொட்டகையில் வேப்பிலை செருகிவிட்டார். தெருவில் வேறு பேச்சு: ‘மாட்டைக் கடிச்ச கொசுதான் பையனைக் கடிச்சிருக்கு, நாளைக்கு நம்ம பிள்ளைங்களையும் கடிக்கும்.’ பால் வாங்கிய வீடுகளில் ஒன்பது நிறுத்திவிட்டன. மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு மனு கையெழுத்துக்குச் சுற்றுகிறது. போதாக்குறைக்கு, கால்வாய்க் கரையில் யாரோ வளர்க்கும் பன்றிகளைக் காட்டி ‘மூளைக்காய்ச்சல் வரும்’ என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லியிருக்கிறார். வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தையும் உண்டு. ‘மகனுக்கு வந்தது மாட்டாலதானா? அந்தப் பாலை என்ன செய்யறது? குழந்தைக்கு ஊசி இருக்கா? மாட்டை வித்துடலாமா டாக்டர்?’ இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மாட்டைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது, பன்றியைப் பற்றி ஒரு பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியது: ‘தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், மூணு ட்ரம்முல பிடிச்சு வெச்சிருக்கோம், அதுல ஒண்ணு மாட்டுக்கு.’ நான் நின்று படித்தது அந்த வரியைத்தான். அதற்கு வருகிறேன். முதலில் தெருப்பேச்சை முடித்துவிடலாம்.

கொசு, ஊசி அல்ல

மாட்டைக் கடித்த கொசு பையனைக் கடித்தது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொசுவைப் பறக்கும் ஊசி என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே உறிஞ்சியதை அங்கே ஏற்றிவிடும் என்று. டெங்கு அப்படிப் பரவுவதில்லை. நோயாளியின் ரத்தத்தோடு உள்ளே போன வைரஸ் கொசுவின் குடலில் பிழைக்க வேண்டும், பெருக வேண்டும், பிறகு எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். இதற்கு 8 முதல் 12 நாள் பிடிக்கும். அதற்குப் பிறகு கடித்தால்தான் நோய். அதைவிட முக்கியமானது, டெங்கு வைரஸ் மாட்டுக்குள் பெருகிப் பரவுவதே இல்லை. அது மனிதரை நம்பி வாழும் வைரஸ். காட்டில் சில குரங்குகளும் உண்டு, அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு வந்த வைரஸ் இன்னொரு மனிதரிடமிருந்து கொசு வழியாக வந்தது. அது அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம், வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையாக இருக்கலாம். அவருக்குக் காய்ச்சலே தெரியாமல் போயிருக்கவும் கூடும்.

அந்தக் கொசு ஏடிஸ். காலில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும். கால்வாய்ச் சாக்கடையில் அது முட்டையிடாது. சுத்தமாகத் தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். ராத்திரி காதருகே பாடி உயிரை எடுக்கிற கால்வாய்க் கொசு வேறு ஜாதி. அது யானைக்காலைப் பரப்பும், டெங்குவைப் பரப்பாது. ஏடிஸ் தூரம் பறக்கிற ரகமும் இல்லை. பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். அதனால் டெங்கு வந்த வீட்டில் நான் முதலில் தேடுவது தண்ணீர்ப் பாத்திரங்களைத்தான்.

சில வருடங்களுக்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர்களோடு போயிருந்தேன். நீல ட்ரம், மேலே பலகை, பலகைமேல் ஒரு குடம். ‘மூடித்தானே வெச்சிருக்கோம்’ என்றார் அந்த அம்மா. பலகைக்கும் ட்ரம் விளிம்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. டார்ச் அடித்ததும் மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்களெல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. அந்த அம்மா பதறிப்போய் ட்ரம்மைக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் பிடித்து வைத்தார். அங்கேதான் தப்பு. ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ட்ரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. பார்த்தால் கரித்தூள் மாதிரி இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். ஊற்றினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மாட்டு ட்ரம்தான் எனக்குச் சந்தேகம். குடிக்கிற ட்ரம்மைக் கழுவுவோம், மாட்டுக்கு வைத்ததை யார் கழுவுகிறார்கள்? பாதி மொண்டு, மேலேயே திரும்ப நிரப்புவோம். வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய்நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உள்சுவரை மேலிருந்து கீழ்வரை தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க எட்டு, பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை போதும். பழைய வேட்டித் துணியை வாயில் இழுத்துக் கட்டினால் பலகையைவிட நல்ல மூடி. கழுநீர்த் தொட்டி, கொட்டகைக் கூரைமேல் போட்ட பழைய டயர், தார்ப்பாய் மடிப்பு, இவற்றையும் அன்றைக்கே பாருங்கள்.

மாட்டுக்கு வந்த கட்டி

மாட்டு வைத்தியம் என் படிப்பு இல்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். காய்ச்சல், கழுத்திலும் விலாவிலும் உருண்டைக் கட்டிகள், கால் வீக்கம், பால் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பது தோல் கழலை நோய் போலத்தான் தெரிகிறது என்றார். பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் தென்பட்டது. 2022இல் வடமாநிலங்களில் ஏராளமான மாடுகளைக் கொன்றது.

இதில் ஒரு வேடிக்கை. டெங்குவுக்குக் கொசு ஊசி அல்ல என்றேன் அல்லவா, இந்த நோய்க்கு அது கிட்டத்தட்ட ஊசியேதான். கட்டியுள்ள மாட்டைக் கடித்த கொசுவும் கடிக்கும் ஈயும், வாயில் ஒட்டிய வைரஸை அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோய்விடும். உண்ணியும் சேர்த்தி. ஆக, உங்கள் தெருக்காரர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. மாட்டிலிருந்து மாட்டுக்கு என்று சொல்லியிருந்தால் சரி. மனிதருக்கு இந்த வைரஸ் வராது. மகனின் காய்ச்சலும் மாட்டின் கட்டியும் அடுத்தடுத்து வந்தது மழையால்தான். மழைக்குப் பின் எல்லாப் பூச்சியும் பெருகும்.

உங்கள் அத்தை ‘அம்மை’ என்றதில் ஓர் உண்மை உண்டு: இந்த வைரஸ் அம்மை வைரஸ்களின் குடும்பம்தான். வேப்பிலை இருக்கட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அம்மா இறங்கட்டும் என்று வைத்தியம் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கட்டி வந்த மாட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, முடிந்தால் கொசுவலைக்குள் கட்டுங்கள். நன்றாக இருக்கும் இரண்டு மாடுகளுக்கும் கன்றுக்கும் ஆட்டம்மைத் தடுப்பூசி போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நோய் வந்துவிட்ட மாட்டுக்கு அதைப் போடுவதில்லை. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுப்பதும், குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு எண்ணெயில் காய்ச்சிப் புண்ணில் தடவுவதும் கால்நடை மருத்துவர்களே சொல்லும் மூலிகை வைத்தியம்தான். ஊசி மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள்.

பால் விஷயத்தில் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த வைரஸ் பால் வழியாக மனிதருக்கு வராது. காய்ச்சிக் குடித்தால் பயமில்லை. ஆனால் அந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அதன் பாலை விற்கவும் கூடாது, வீட்டில் குடிக்கவும் கூடாது, மற்ற மாட்டுப் பாலோடு கலக்கவும் கூடாது. ‘எத்தனை நாள் பாலைக் கொட்டணும்?’ என்று ஊசி போடும்போதே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நின்றுபோன ஒன்பது வீடுகளில் அந்தச் சீட்டைக் காட்டினால், நான் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று. கட்டி உடம்பில் இல்லாமல் காம்பில் மட்டும் கொப்புளமாக வந்து, கறக்கிறவர் கையிலும் அதே மாதிரி கொப்புளம் வந்தால் அது வேறு வகை அம்மை. அது கைக்கு ஒட்டும். உடனே காட்டுங்கள்.

பன்றி, கொக்கு, மூளைக்காய்ச்சல்

டீச்சர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட மாட்டேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பது கால்நடைக்கும் மனிதருக்கும் நடுவே கொசு வழியாக வரும் வைரஸ் நோய்தான். பெயர் ஜப்பான் என்றாலும் நமக்குப் புதிதில்லை. இந்தியாவில் மனிதரிடம் முதலில் அடையாளம் கண்டதே 1955இல், நம் வேலூர்ப் பக்கத்தில். தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகும். அப்படி மூளை வீங்கிவிட்டால் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துவிடுவார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் வராமலோ வலிப்போடோ வாழ்க்கை போகும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. அதனால்தான் தடுப்பூசிக்கு இவ்வளவு அழுத்தம்.

இந்த வைரஸின் சொந்த வீடு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள். பரப்புவது நெல்வயலிலும் புல் முளைத்த தேக்கத்திலும் வளரும் கியூலெக்ஸ் கொசு. அந்தக் கூட்டத்தில் ஒன்றின் பெயர் கியூலெக்ஸ் விஷ்ணுயி. பெருமாள் பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தாரோ! அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். பன்றிதான் நடுவில் வட்டிக்கடை மாதிரி: கொஞ்சம் வைரஸ் போனால் சில நாளில் ரத்தத்தில் பல மடங்காக்கித் திருப்பித் தரும், கடிக்கிற கொசுவெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். பன்றிக்குப் பெரும்பாலும் நோயே தெரியாது, சினைப் பன்றி செத்த குட்டி போடுவதைத் தவிர. ஒருமுறை தொற்றிய பன்றிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஆனால் பன்றியை யார் பல வருடம் வைத்திருக்கிறார்கள்? பழசு கறிக்குப் போகும், எதிர்ப்புச் சக்தி இல்லாத புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். வைரஸுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புது முதல்.

மாடு? வைரஸுக்கு மாடு ஒரு முட்டுச்சந்து. கொசு கடித்தால் மாட்டுக்கும் தொற்றும், ஆனால் அடுத்த கொசு எடுத்துப்போகும் அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் ஏறாது. மனிதனும் அப்படியே, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளையிடமிருந்து கொசு வழியாக இன்னொரு பிள்ளைக்குப் பரவாது. இன்னும் சொன்னால், இந்தக் கொசுவுக்கு மனிதனைவிட மாடுதான் பிடிக்கும். மாடு நிறைய, பன்றி குறைவு என்ற தஞ்சாவூர்ப் பக்கத்தில், அத்தனை நெல்வயல் இருந்தும் பிள்ளைகளிடம் தொற்று குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு மாடு வீட்டுக்குக் காவல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொட்டகையும் படுக்கையறையும் ஒரே சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டு வாசனைக்கு வரும் கொசு, சுவருக்கு அந்தப் பக்கம் வலையில்லாமல் தூங்கும் குழந்தையையும் விடாது. குழந்தைக்கு வலை கட்டுங்கள், அந்தச் சுவர் ஜன்னலுக்கு நைலான் வலை அடியுங்கள். சாம்பிராணி மூட்டம் புகையிருக்கும் நேரம்வரை கொசுவை விரட்டும், கைக்குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. அறைக்குள் வேண்டாம்.

கொடுங்கையூரில் நெல்வயல் இல்லை; சாக்கடைக் கொசு இந்த நோயைப் பரப்பும் முக்கியக் கொசுவும் இல்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயலும் கொக்கும் சேர்ந்த ஊர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஆபத்து குறைவு. ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து மாதக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இந்த ஊசி உங்கள் பகுதி அட்டவணையில் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். இருந்தால் முதல் தவணை 9 மாதம் முடிந்து தட்டம்மை ஊசியோடு, இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம், மகனுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

பன்றி என்றதும் ஒரு பழைய கதை. 1998, 99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளை வீங்கி விழுந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, ஊருக்கெல்லாம் கொசு மருந்தும் தடுப்பூசியும் அடித்தார்கள். ஊசி போட்டவர்களும் செத்தார்கள். கடைசியில் அது நிபா என்ற வேறொரு வைரஸ். கொசுவுக்குச் சம்பந்தமே இல்லை, பன்றியோடு நெருங்கிப் பழகியதால் தொற்றியது. தப்பான குற்றவாளியின் பின்னால் ஓடியதில் போன மாதங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் தெரு மனுவைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

மனுவும் மாடும்

மாடுகளை விற்றால் பால் காசு போகும், ட்ரம் அங்கேயே இருக்கும். டெங்குவுக்காக மாட்டை விற்க வேண்டாம். கட்டி வந்த மாட்டை மட்டும் விற்றுத் தள்ளலாமே என்ற உங்கள் வீட்டுக்காரரின் யோசனையும் வேண்டாம், வாங்குகிறவர் கொட்டகைக்கு நோயை அனுப்புவதாகிவிடும்.

ஆனால் தெருக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாணம் குவிந்தால் ஈ வரும், கோமியம் தெருவில் ஓடினால் யாருக்கும் பிடிக்காது, அவிழ்த்துவிட்ட மாட்டை மாநகராட்சி பிடித்து அபராதம் போடும். கொசு வளர இடம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் தர 1939ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. அந்தச் சட்டம் மாட்டுக்காரர், மாடில்லாதவர் என்று பார்க்காது. உங்கள் ட்ரம்முக்கும் பொருந்தும், மாடிவீட்டுத் திறந்த தொட்டிக்கும் பொருந்தும். எனவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து, டெங்கு வந்த வீடு என்று சொல்லி, தெரு முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லுங்கள். முதல் வீடாக உங்கள் வீட்டைக் காட்டுங்கள். பன்றிகளை வீடுகளிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லும் புகாரையும் அதிலேயே சேர்க்கலாம். பன்றிக்காரரும் பிழைப்புக்குத்தான் வைத்திருக்கிறார், எனவே சண்டையாக்காமல்.

மாட்டிலிருந்து மனிதருக்கு எதுவுமே வராது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சாத பாலில் காசநோயும் புருசெல்லா என்ற கிருமியால் வரும் காய்ச்சலும் வரலாம். மழைத்தண்ணீரோடு எலி, மாட்டுச் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். கொட்டகை கழுவும்போது அத்தைக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். இவை எதற்கும் கொசு வேண்டாம்.

கடைசியாக, மகனைப் பற்றி. ஒருமுறை டெங்கு வந்துவிட்டது, இனி வராது என்று எழுதியிருக்கிறீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தாலும் மற்ற மூன்றும் பாக்கி. இரண்டாவது முறை வேறு வகை தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரை வேண்டாம். நிலவேம்பு கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைகிறோமே, டெங்குவில் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய நாள். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிப்பு, பிள்ளை சோர்ந்து சுருண்டு படுப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காலைப் பால் கறந்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும், 108ஐக் கூப்பிட்டு அப்போதே கிளம்புங்கள்.